தேய்மானக் கணக்கு

எரிந்த வீடுகளுக்கு விலை போடுவது என் தொழில்.
வால்பரைசோவின் குன்றுகளில் தீ இறங்கிய வாரம்
நாளுக்கு ஒன்பது வீடு பார்த்தேன்.
வீடு என்று சொல்வது பழக்கதோஷம்.
ஒரு குளியல் தொட்டி நிற்கும்.
சுருண்ட தகரம்.
உருகி ஓடி, மனம் மாறி உறைந்த
ஜன்னல் கண்ணாடி.

ஆட்கள் என்னிடம் பொருள்களை ஒப்பிப்பார்கள்.
முதலில் கட்டில், குளிர்ப்பெட்டி.
சின்னதெல்லாம் நள்ளிரவுத் தொலைபேசியில் வரும்:
"ஐயா, ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றும் இருந்தது,
பெட்டியே பிரிக்கவில்லை."

பிரிக்காத பெட்டிக்குத் தேய்மானம் கிடையாது.
எங்கள் விதி அப்படி.
தொட்டு, துடைத்து, வாழ்ந்த பொருளுக்குப் பாதி விலை.
தொடவே தொடாததற்கு முழு விலை.
பதினாறு வருடமாக இதில் சிரிக்க எதுவும்
எனக்குத் தெரிந்ததில்லை.

மிரெய்யா ஒயார்சேயின் படிவத்தில்
பதினோரு வரிதான் இருந்தது.
பன்னிரண்டாவதில்
பேனாவில் மை வருகிறதா என்று பார்த்த கிறுக்கல்.

"மறந்திருப்பீர்கள். தொலைக்காட்சி?"
"இருந்தது. போட்டுக்கொள்ளுங்கள்."
"அலமாரி?"
"அதுவும். கதவு மூடாது.
மூடும் என்றே எழுதுங்கள்."

துறவி என்று நினைத்துவிட வேண்டாம்.
துவைக்கும் இயந்திரத்துக்காக இருபது நிமிடம்
என்னோடு மல்லுக்கு நின்றாள்.
பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு கிடைத்ததென்று
காசு பிசகாமல் தெரிந்து வைத்திருந்தாள்.
ஜெயித்ததும் அவள்தான்.

பேசிக்கொண்டே
நூலில் கட்டிய காந்தத்தைச்
சாம்பலில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.
ஆணிகள் துள்ளி வந்து ஒட்டின,
குஞ்சு மீன்கள் இரைக்கு வருவதுபோல.

"தீயில் வெந்த ஆணி. இளகிப் போயிருக்கும்.
எதற்கும் உதவாது" என்றேன், நிபுணன் குரலில்.
"தெரியும்" என்றாள்.
மறுபடியும் காந்தத்தை இறக்கினாள்.

பிறகு, நான் கேட்காமலே:
"முந்தாநாள் மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.
நேற்றுக் காலை கூடாரத்தில் கண் விழித்தால்
அது அங்கேயே இருக்கிறது."
"எது?"
தோளைக் குலுக்கினாள்.
"பேர் வைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே உண்டு.
அனிபால் என்னை விட்டுப் போனபோது
ஒரு மாதம் காணோம்.
ஒருநாள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது பார்த்தால்
அது போகவே இல்லை.
நான்தான் எங்கேயோ போயிருக்கிறேன்."

படிவத்தைப் புரட்டினேன், ஏனென்று தெரியாமல்.
எரிந்தவற்றுக்கு ஒரு பத்தி,
நனைந்தவற்றுக்கு ஒரு பத்தி,
திருடு போனவற்றுக்குக்கூட உண்டு.
தீ தொடாததற்கு
கட்டம் இல்லை.

இரவு, ஏழாவது மாடியில், என் வீட்டில்,
வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து
எல்லாம் எரிந்துவிட்டதாக எழுத ஆரம்பித்தேன்.
சமையலறை மட்டுமே மூன்று பக்கம்.
காபி இயந்திரம் மூன்று:
ஒன்று ஓடாது, ஒன்று பரிசு,
ஒன்று பிரிக்காத பெட்டி, முழு விலை.
இருநூற்று மூன்றாவது வரியில்
கை வலித்தது.
இதில் எதை வாங்கிய அன்று சந்தோஷப்பட்டேன் என்று
யோசித்தேன். சிலவற்றுக்கு நிச்சயம் பட்டிருக்கிறேன்.
ரசீது இருக்கிறது.

காலணியைக் கழற்றும்போது ஏதோ குத்தியது.
அடிப்பள்ளத்தில் சிக்கி
அவ்வளவு தூரம் என்னோடு வந்திருந்தது
ஒரு சிற்றாணி, கருநீலமாய்.
இரண்டு விரலால் வளைத்தேன்.
முனகாமல் வளைந்தது.
நிமிர்த்தினேன். இன்னொரு தடவை.

சிரிப்பு வந்துவிட்டது.
வெளியே கடல் இருட்டில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது.
காபி இயந்திரங்கள் மூன்றும்
இருந்த இடத்தில் இருந்தன.